"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லம்மா"

1/ கொஞ்ச நாளா வாட்ஸ்அப்ல ஒரு செய்தி சுத்துது. "மூளையை ஸ்கேன் பண்ணி, ஏ.ஐ. மூலமா மன அதிர்ச்சி நோயைக் கண்டுபிடிச்சிடலாம். இனிமே கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்"னு. எனக்கே நாலு பேர் அனுப்பிட்டாங்க. அதுல ரெண்டு பேர் டாக்டர். அதனாலதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/ நான் செங்கல்பட்டு மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனைல வேலை பார்க்கிறேன். படிப்பு எம்.பி.பி.எஸ். மட்டும்தான். மனநல மருத்துவரும் இல்ல, மூளை ஆராய்ச்சியாளரும் இல்ல. ஆனா ஜனங்க முதல்ல வர்றது எங்க ஓ.பி.க்குத்தான். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டுல அடிபட்டு வர்றவங்க. இன்னொரு பக்கம் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம்னு கடலோரக் குப்பங்கள்ல இருந்து வர்றவங்க.

3/ அப்படி வந்தவங்கதான் ஒரு அம்மா. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) வயசு ஐம்பதுக்கு மேல. மீன் விக்கிறவங்க. கார்த்திகை முடிஞ்சு வாடைக்காத்து அடிக்க ஆரம்பிச்சா வந்துடுவாங்க. படபடப்பு, தலைவலி, தூக்கம் கிடையாது. இ.சி.ஜி. எடுத்தோம், நார்மல். தைராய்டு பார்த்தோம், நார்மல்.

4/ மூணாவது வருஷம் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தேன். ஆமா, எழுதிக் கொடுத்தது நான்தான். அவங்க கம்மலை அடகு வெச்சு வெளியில எடுத்துட்டு வந்தாங்க. ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லம்மா, தைரியமா இருங்க"ன்னேன். அவங்க கேட்டது ஒரே கேள்வி: "அப்போ நான் பொய் சொல்றேனா டாக்டரம்மா?"

5/ அன்னைக்குத்தான் முதல் தடவையா உட்கார வெச்சுப் பேசினேன். 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலை. நாத்தனார் மகளைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்காங்க. ஏழு வயசுப் பொண்ணு. தண்ணி இழுத்ததுல கை நழுவிடுச்சு. இத்தனை வருஷமா எந்த டாக்டரும் இதைக் கேட்கல. நானும் மூணு வருஷம் கேட்கல. கேட்க ஆன நேரம் பத்து நிமிஷம்.

6/ அவங்களுக்கு இருந்தது பி.டி.எஸ்.டி. பேரதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனநோய். நடந்தது திரும்பத் திரும்ப கண்ணுக்கு முன்னாடி வரும், கனவுல வரும். அதை ஞாபகப்படுத்துற இடத்தை, பேச்சைத் தவிர்ப்பாங்க. "எல்லாம் என் தப்பு"ன்னு மனசு அரிக்கும், யார்கிட்டயும் ஒட்டாது. சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப் போடும். இந்த நாலும் ஒரு மாசத்துக்கு மேல நீடிச்சு, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தா அதுதான் பி.டி.எஸ்.டி.

7/ இப்போ ஸ்கேனுக்கு வருவோம். மூளைப் பட ஆராய்ச்சி வீண்னு நான் சொல்லவே மாட்டேன். மூளையில அமிக்டலான்னு ஒரு பகுதி, ஆபத்து வந்தா மணி அடிக்கிற இடம். ஹிப்போகேம்பஸ்னு ஒண்ணு, நினைவுக்கு இடமும் தேதியும் போட்டு வைக்கிற இடம். நெத்திக்குப் பின்னாடி இருக்குற பகுதி பிரேக். மணி ஓயாம அடிக்குது, பிரேக் சரியா பிடிக்கல, பழைய நினைவு இப்போ நடக்கிற மாதிரி வருது. இந்தப் புரிதலுக்கு ஸ்கேன் ஆராய்ச்சி பெரிய உதவி.

8/ ஆனா "நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தா சராசரியில ஒரு வித்தியாசம் தெரியுது"ங்கறது வேற. "இந்த ஒருத்தங்களுக்கு நோய் இருக்கா இல்லையா"ங்கறது வேற. வாட்ஸ்அப் செய்தி மொத்தமும் இந்த ரெண்டையும் குழப்புறதுலதான் ஓடுது.

9/ உதாரணம் சொல்றேன். 2018-ல பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து (எனிக்மா கூட்டமைப்பு) 794 பி.டி.எஸ்.டி. நோயாளிகளையும் நோய் இல்லாத 1,074 பேரையும் ஒப்பிட்டாங்க. நோயாளிகளோட ஹிப்போகேம்பஸ் சராசரியா கொஞ்சம் சின்னதா இருந்தது உண்மை. எவ்வளவு கொஞ்சம்? ரெண்டு கூட்டத்தோட அளவுகளையும் வரைஞ்சா ஒண்ணு மேல ஒண்ணு கிட்டத்தட்ட முழுசா படிஞ்சிடும். ஒரு ஆளோட படத்தைப் பார்த்து இவங்க எந்தக் கூட்டம்னு யாராலயும் சொல்ல முடியாது.

10/ இன்னொண்ணு. 2002-ல வியட்நாம் போருக்குப் போனவங்களையும், போருக்கே போகாத அவங்களோட ஒரே கரு இரட்டையர்களையும் ஸ்கேன் பண்ணாங்க. போருக்குப் போய் கடுமையான பி.டி.எஸ்.டி. வந்தவருக்கு ஹிப்போகேம்பஸ் சின்னது. வீட்டுலயே இருந்த இரட்டையருக்கும் சின்னது! அதாவது அது காயத்தோட தழும்பா இல்லாம, பிறவியிலேயே இருந்த அமைப்பா இருக்கலாம். படம் "சின்னது"ன்னு காட்டும். எப்போ, எதனாலன்னு காட்டாது.

11/ "அதெல்லாம் மனுஷக் கண்ணு டாக்டர், ஏ.ஐ.க்குத் தெரியும்"னு சொல்றீங்களா? சரி, அதையும் பார்ப்போம். அதே எனிக்மா குழு 2023-ல மூவாயிரத்துக்கு மேற்பட்டவங்களோட எம்.ஆர்.ஐ. படங்களை மெஷின் லேர்னிங்கிட்ட கொடுத்துச்சு. நோய் இருக்கிறவங்களையும் இல்லாதவங்களையும் பிரிக்கிறதுல அது எடுத்த மார்க் 60 சதவீதம் அளவுதான்.

12/ அந்த 60-க்கு என்ன அர்த்தம்? நோய் இருக்கிற ஒருத்தர், இல்லாத ஒருத்தர்னு ஜோடியா படத்தைக் காட்டி "யாருக்கு நோய்?"னு கேட்டா, 100 ஜோடில 60 தடவை சரியா சொல்லும். காசு சுண்டிப் போட்டாலே 50 தடவை சரியா வரும். கோடிக்கணக்குல செலவாகிற கருவிக்கும் ஒரு ரூபாய் காசுக்கும் நடுவுல பத்து மார்க் வித்தியாசம்.

13/ இதுக்கு அடுத்த வரிதான் முக்கியம். அதிர்ச்சியே அனுபவிக்காதவங்களோட மட்டும் நோயாளிகளை ஒப்பிட்டா, மார்க் 75-க்கு ஏறிடுச்சு. யோசிச்சுப் பாருங்க. பேரதிர்ச்சியைப் பார்த்தவங்களா இல்லையான்னு பிரிக்கிறது சுலபம். பார்த்தவங்கள்ல யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரலன்னு பிரிக்கிறதுதான் கஷ்டம். எனக்கு வேண்டியது இந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில். முதல் கேள்விக்கு ஸ்கேன் எதுக்கு? குப்பத்துல யாரைக் கேட்டாலும் அன்னைக்கு எங்க நின்னேன்னு சொல்லுவாங்களே.

14/ இதுக்கு நம்ம கடற்கரையிலயே ஒரு தொடர்பு இருக்கு. அதே அலை கல்பாக்கத்துக்குள்ளயும் வந்துச்சு. அணுமின் நிலையத்துல பம்ப் ஹவுஸ்ல தண்ணி புகுந்து, ஓடிட்டிருந்த உலையைப் பாதுகாப்பா நிறுத்தினாங்க. ஊழியர் குடியிருப்புல உயிர்கள் போச்சு. அதே கல்பாக்கத்துல இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல, மூளையோட நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கிற எம்.இ.ஜி. கருவியை நம்ம விஞ்ஞானிகளே உருவாக்கியிருக்காங்க. எனக்கு அதுல பெருமைதான்.

15/ ஆனா அந்த எம்.இ.ஜி. கதையையும் கேளுங்க. 2010-ல அமெரிக்காவுல மினியாபோலிஸ்ல ஒரு குழு, பி.டி.எஸ்.டி. இருக்கிற 74 பேரையும் இல்லாத 250 பேரையும் எம்.இ.ஜி. வெச்சு 90 சதவீதத்துக்கு மேல சரியா பிரிச்சதா எழுதினாங்க. நோயாளிகள் எல்லாம் முன்னாள் ராணுவத்தினர். உலகம் பூரா தலைப்புச் செய்தி. அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் ஓடிப்போச்சு. இன்னைக்கும் எந்த மருத்துவ வழிகாட்டி நெறியும் எம்.இ.ஜி.யோ எம்.ஆர்.ஐ.யோ பார்த்து பி.டி.எஸ்.டி.யை உறுதி பண்ணச் சொல்லல. கேட்டுத்தான் கண்டுபிடிக்கச் சொல்லுது.

16/ ஏன் இப்படி ஆகுது? கொஞ்சம் பேரை வெச்சு, ஒரே இடத்துல, ஒரே மெஷின்ல எடுத்த படத்துல கணினி எதையாவது கண்டுபிடிச்சிடும். வேற ஊர், வேற மெஷின், வேற ஜனங்கன்னு மாத்தினா அந்தக் கெட்டிக்காரத்தனம் கரைஞ்சிடும். பரீட்சைக்குக் கேள்வித்தாளையே மனப்பாடம் பண்ணிட்டுப் போன பையன் கதைதான்.

17/ மீன் விக்கிற ஊர்ல இருந்து எழுதுறதால இதையும் சொல்லிடறேன். 2009-ல அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு செத்த சால்மன் மீனை எஃப்.எம்.ஆர்.ஐ. மெஷின்ல வெச்சு, மனுஷங்க படத்தைக் "காட்டினாங்க". கணக்கைக் கவனமா திருத்தாம விட்டா, செத்த மீனோட மூளையும் "வேலை செய்யுது"ன்னு வந்துச்சு. அந்த ஆய்வுக்கு 2012-ல இக் நோபல் பரிசு. கணக்குல எவ்வளவு ஜாக்கிரதை வேணும்னு தங்கள் துறைக்கே அவங்க காட்டின பாடம் அது. வாட்ஸ்அப்புக்கு அந்தப் பாடம் இன்னும் வந்து சேரல.

18/ சரி, 80 சதவீதம் சரியா சொல்ற மெஷின் நாளைக்கே வந்துடுச்சுன்னு வெச்சுக்குவோம். கணக்குப் போடலாம். பேரிடர் நடந்த கடற்கரையில 1,000 பேர். அதுல 127 பேருக்கு நோய். மெஷின் 102 பேரைப் பிடிக்கும், 25 பேரை விட்டுடும். நோய் இல்லாத 873 பேர்ல 175 பேருக்கு "நோய் இருக்கு"ன்னு சீட்டு கொடுக்கும். மொத்தம் 277 பேர் கையில சீட்டு. அதுல நிஜ நோயாளி 102 பேர்தான்.

19/ அந்த விட்டுப்போன 25 பேரை நினைச்சுத்தான் எனக்குப் பயம். இப்பவே "ஸ்கேன் நார்மல்"னு சொல்லி அனுப்புறோம். நாளைக்கு "ஏ.ஐ.யே நார்மல்னு சொல்லிடுச்சு"ன்னு சொல்லி அனுப்புவோம். வீட்டுக்காரர் நம்ப மாட்டார், மாமியார் நம்ப மாட்டாங்க, இழப்பீடு கேட்டா "உங்க மூளை ஸ்கோர் எவ்வளவு?"ன்னு கேட்பான். கேள்வி கேட்கிற டாக்டர்கிட்டயாவது அழுது காட்டலாம். ஸ்கோர்கிட்ட என்ன பண்ணுவாங்க?

20/ 127-ங்கற எண்ணிக்கையை நானா எடுக்கல. சுனாமி முடிஞ்சு ரெண்டு மாசத்துல தமிழ்நாட்டுல ஒரு மீனவ கிராமத்துல 314 பெரியவங்களைப் பார்த்து ஆய்வு பண்ணாங்க. 12.7 சதவீதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. எட்டுல ஒருத்தர். 2007-ல அமெரிக்க பொதுச் சுகாதார இதழ்ல வந்தது. இதுக்கு ஸ்கேன் எதுவும் தேவைப்படல. ஒரு கேள்வித்தாள், அதைக் கேட்க ஆள். அவ்வளவுதான்.

21/ அந்த ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம். யாருக்கு அதிகமா வந்துச்சு தெரியுமா? பெண்களுக்கு. அலையில அடிபட்டவங்களுக்கு. வீட்டு வருமானமே நின்னு போனவங்களுக்கு. வருமானம் நின்னு போனது எந்த எம்.ஆர்.ஐ.ல தெரியும்? போட் போச்சு, வலை போச்சு, வட்டிக்குக் கடன் வாங்கினாங்கங்கறது ஹிப்போகேம்பஸ்ல எந்த மூலையில எழுதியிருக்கும்?

22/ "படத்துல தெரியாததை நோய்னு எப்படி நம்புறது?"ன்னு கேட்கிற நண்பர்களுக்கு: செங்கல்பட்டுக்குப் பக்கத்துல திருமணியில மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. தொழுநோயை முதல்ல எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? தேமல் இருக்கிற இடத்துல பஞ்சை வெச்சுத் தொட்டு, "உணர்ச்சி இருக்கா?"ன்னு கேட்டு. நோயாளி சொல்ற பதில்தான் அங்க பரிசோதனை. அதை யாரும் குறைச்சலா நினைக்கல. மனசுக்கு மட்டும் ஏன் படம் கேட்கிறோம்?

23/ "அப்போ நீங்க டெக்னாலஜிக்கு எதிரி"ன்னு வரும். இல்லீங்க. ஜெருசலேம்ல விபத்து மாதிரி அதிர்ச்சிகளோட அவசர சிகிச்சைக்கு வந்த 957 பேரோட தகவலை வெச்சு, யாருக்குப் பின்னாடி பி.டி.எஸ்.டி. நீடிக்கும்னு மெஷின் லேர்னிங்கால கணிக்கப் பார்த்தாங்க. 2014-ல வந்த ஆய்வு. அதுக்குக் கொடுத்தது மூளைப் படம் இல்ல. அவசர சிகிச்சைல பதிவான விவரமும், முதல் பத்து நாள்ல கேட்ட கேள்விகளோட பதிலும்தான். கணிப்பு நம்பிக்கை தர்ற அளவுக்கு இருந்துச்சு. நம்ம ஜி.எஸ்.டி. ரோடு, ஈ.சி.ஆர். விபத்துக்கெல்லாம் இது பொருந்தும். ஆனா கணினிக்குக் கொடுக்கவாவது முதல்ல ஒருத்தர் கேட்டு எழுதணும்!

24/ கேட்க என்ன வேணும்? அஞ்சு கேள்வி போதும். முதல்நிலை மருத்துவர்களுக்குன்னே வந்த சின்ன பரிசோதனை இருக்கு. அதைப் பேச்சுத் தமிழ்ல என் வார்த்தையில சொல்றேன். முதல்ல, "மனசை உலுக்குற மாதிரி ஏதாவது நடந்துச்சா?"ன்னு கேளுங்க. ஆமான்னா, போன ஒரு மாசத்துல:
அ) அது கனவுல வருதா, நினைக்காம இருக்கும்போதே வந்து நிக்குதா?
ஆ) அதை நினைக்கக்கூடாதுன்னு போராடுறீங்களா, ஞாபகப்படுத்துற இடத்துக்குப் போகாம சுத்திப் போறீங்களா?
இ) எப்பவும் உஷாரா, சட்டுனு திடுக்கிடுற மாதிரி இருக்கா?
ஈ) மனுஷங்க மேலயோ, வேலை மேலயோ ஒட்டுதல் இல்லாம மரத்துப்போன மாதிரி இருக்கா?
உ) நடந்ததுக்கு உங்களையோ மத்தவங்களையோ குத்தம் சொல்றதை நிறுத்த முடியலையா?

25/ மூணுக்கு மேல "ஆமா" வந்தா விரிவா பார்க்கணும். இதுவே முடிவு இல்ல, கதவு மட்டும்தான். அந்த அம்மா அஞ்சுக்கும் ஆமான்னாங்க. அஞ்சாவது கேள்விக்கு "ஆமா"ன்னு வாயால சொல்லல. கையை விரிச்சுக் காட்டினாங்க.

26/ வைத்தியம் இருக்கா? இருக்கு. பயத்தைப் பாதுகாப்பா, படிப்படியா எதிர்கொள்ள வைக்கிற அதிர்ச்சி சார்ந்த பேச்சு சிகிச்சை, ஈ.எம்.டி.ஆர்., தேவைப்பட்டா செர்ட்ராலின் மாதிரி மாத்திரை. டாக்டர் நண்பர்களே, நம்ம செய்ற தப்பு ஒண்ணு: அதிர்ச்சி நடந்த உடனே டயாஸிபாம், அல்பிரஸோலாம்னு எழுதித் தூங்க வெக்கிறது. முதல் மாசத்துல அதிர்ச்சி அறிகுறிகளுக்கு அதைக் கொடுக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2013-லயே சொல்லிடுச்சு.

27/ சுனாமிக்கு அப்புறம் யாருமே வரலன்னு சொன்னா அது அநியாயம். நிம்ஹான்ஸ், சென்னை ஸ்கார்ஃப் எல்லாம் வந்து ஊர்க்காரங்களுக்கே ஆலோசனைப் பயிற்சி கொடுத்தாங்க. ஆனா நிவாரணத் திட்டத்துக்கு ஒரு முடிவு தேதி உண்டு. பயத்துக்குக் கிடையாது. மாமல்லபுரத்துல அலை மண்ணை அரிச்சதுல வெளியில தெரிஞ்ச பழைய சிற்பங்களை இன்னைக்கும் ஆளுங்க தேடி வந்து பார்க்கிறாங்க. பக்கத்துக் குப்பத்துல தூங்காம கிடக்கிறவங்களைத் தேடி யாரும் வர்றதில்ல.

28/ அதனால நான் கேட்கிறது நாலு விஷயம்.
ஒண்ணு: கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்கள்லயும், விபத்து வார்டுலயும் இந்த அஞ்சு கேள்வியைக் கட்டாயமாக்குங்க.
ரெண்டு: மாவட்ட மனநலத் திட்டம் 1996-லேயே ஆரம்பிச்சது. ஸ்கேன் ஏ.ஐ. திட்டத்துக்கு முன்னாடி, அதுல அதிர்ச்சி சிகிச்சை தெரிஞ்ச ஆலோசகர்களைப் போடுங்க. அரசு மனநல சிகிச்சை பெறுறது 2017 மனநலச் சட்டப்படி உரிமை, சலுகை இல்ல.

29/ மூணு: குப்பத்துக்கு ஆராய்ச்சிக்கு வர்றவங்க, படம் எடுக்கிறதுக்கு முன்னாடி சிகிச்சைக்கு வழி பண்ணிட்டு வாங்க. ஒப்பிடுறதுக்கு நகரத்துல இருந்து ஆளைப் பிடிச்சுட்டு வராதீங்க. அதே அலையைப் பார்த்தும் நோய் வராத பக்கத்து வீட்டுக்காரரை வெச்சு ஒப்பிடுங்க. கிடைச்ச முடிவை அவங்களுக்குத் தமிழ்ல வந்து சொல்லுங்க.
நாலு: "ஸ்கேன் நார்மல்"ங்கறதை "உங்களுக்கு ஒண்ணும் இல்ல"ன்னு மொழிபெயர்க்கிறதை நாம எல்லாரும் நிறுத்தணும். கட்டி இல்ல, ரத்தக்கசிவு இல்ல. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்.

30/ அந்த அம்மா இப்போ மனநல ஓ.பி.க்குப் போறாங்க. முழுசா சரியாகிடுச்சுன்னு கதை விட மாட்டேன். டிசம்பர் இன்னும் கஷ்டம்தான். ஆனா அன்னைக்கு ஓ.பி. சீட்டுல நோயோட பேரை எழுதினப்போ, "இதை என் வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டுங்க டாக்டரம்மா"ன்னாங்க. வெளியில நின்னவரைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினேன். எம்.ஆர்.ஐ. கவரை விட்டுட்டு, அந்தச் சீட்டை மடிச்சு மணிபர்ஸ்ல வெச்சுக்கிட்டுப் போனாங்க.

31/ உங்க வீட்டுலயும் யாராவது இருக்கலாம். சுனாமியே வேணும்னு இல்ல. பைக் விபத்து, பிரசவம், அடி உதை, வெள்ளம், எதுவா இருந்தாலும் சரி. அந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க. குறுக்கே பேசாம பதிலைக் கேளுங்க. உதவிக்கு டெலிமானஸ் 14416, கட்டணம் இல்ல, தமிழ்லயே பேசலாம். இல்லைன்னா பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. அங்க இருக்கிற டாக்டர் ஸ்கேனுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தா, இந்த இழையைக் காட்டுங்க. கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டா என் பேரைச் சொல்லுங்க.